ரவுட்டர் திடீரென 'டெட்' ஆவது ஏன்? பூட் ஃபர்ம்வேர் அப்டேட்டில் நடப்பது என்ன? - முழு விளக்கம்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24. உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, உக்ரைனிலும் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் வரிசையாக இணைப்பை இழந்தன. வியாசாட் நிறுவனத்தின் 'கேஏ-சாட்' செயற்கைக்கோளை நம்பியிருந்தவர்கள் மோடத்தை அணைத்துப் பார்த்தார்கள், மறுபடி ஆன் செய்து பார்த்தார்கள். இணைப்பு வரவே இல்லை.

பாதிப்பு உக்ரைனோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் தயாரித்த சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதியும் அறுந்துபோனது. காற்றாலைகள் தானியங்கி முறையில் தொடர்ந்து சுற்றின. ஆனால் அவற்றுடன் பேச வழியில்லாமல் போனது.

இத்தனைக்கும் அந்த மோடம்கள் மீது யாரும் குண்டு வீசவில்லை, கேபிளையும் வெட்டவில்லை. மோடம்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்குக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். அங்கிருந்து, வழக்கமாக நிர்வாகிகள் அனுப்பும் கட்டளைகளைப் போலவே கட்டளைகளை அனுப்பி, மோடம்களின் ஃபிளாஷ் மெமரியில் இருந்த முக்கியத் தகவல்களை அழித்து எழுதினார்கள். அவ்வளவுதான். ஒரே நேரத்தில் பல்லாயிரம் மோடம்கள் இணைப்பை இழந்தன.

ஆயிரக்கணக்கான கருவிகளை ஒரே கிளிக்கில் அப்டேட் செய்யும் வசதிதான் இங்கே ஆயுதமாக மாறியது. அந்த வசதி எப்படி வேலை செய்கிறது? ரவுட்டரின் அடிமடியில் இருக்கும் 'பூட் ஃபர்ம்வேர்' என்பது என்ன? அதைத் தொடுவதற்கு நெட்வொர்க் இன்ஜினீயர்களே ஏன் யோசிக்கிறார்கள்? பார்க்கலாம்.

பூட் ஃபர்ம்வேர் என்றால் என்ன?

ஒரு பெரிய ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் வருபவர் ஷட்டரைத் தூக்குவார், லைட் போடுவார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்ப்பார். அதன் பிறகுதான் மேனேஜரும் விற்பனையாளர்களும் உள்ளே வருவார்கள். அந்த முதல் ஆள் வரவில்லை என்றால், மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடை திறக்காது.

ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் போன்ற கருவிகளில் அந்த முதல் ஆள்தான் பூட் ஃபர்ம்வேர். சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம் இது. பிராசஸர், மெமரி ஆகியவற்றைத் தயார் செய்யும். ஹார்டுவேர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். பிறகு ஃபிளாஷ் மெமரியில் இருக்கும் பெரிய இயங்குதளத்தைத் தேடிப் பிடித்து, மெமரியில் ஏற்றி, 'இனிமேல் நீ பார்த்துக்கொள்' என்று பொறுப்பை ஒப்படைக்கும். அந்த இயங்குதளம் வந்த பிறகுதான், நிர்வாகி எழுதி வைத்திருக்கும் கான்ஃபிகரேஷன் படிக்கப்பட்டு நெட்வொர்க் உயிர்பெறும்.

கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்வது பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ. சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகளில் இதற்கு 'ரோம்மான்' என்று பெயர். ரோம் மானிட்டர் என்பதன் சுருக்கம் அது. ஹெச்பிஇ நிறுவனத்தின் சில வரிசைகளில் 'பூட்வேர்' என்றும், வேறு சிலவற்றில் 'பூட் ரோம்' என்றும் அழைக்கிறார்கள். லினக்ஸில் ஓடும் பல வீட்டு ரவுட்டர்களில் 'யு-பூட்' என்ற திறந்தமூல புரோகிராம் இந்த வேலையைச் செய்கிறது. பெயர்கள்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இயங்குதளம் இருக்கும்போது இதை ஏன் தனியாக அப்டேட் செய்ய வேண்டும்?

நியாயமான கேள்விதான். ரவுட்டரில் 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று பொதுவாகச் சொல்லும்போது, பெரும்பாலும் மாறுவது அந்தப் பெரிய இயங்குதளம் மட்டுமே. பூட் ஃபர்ம்வேர் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அதைத் தொட வேண்டிய தேவை முக்கியமாக மூன்று காரணங்களால் வருகிறது.

முதலாவது, பொருத்தம். புதிய இயங்குதளத்தை ஏற்ற வேண்டுமென்றால் பூட் ஃபர்ம்வேர் குறைந்தபட்சம் இந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். புதிய கார்டு, கூடுதல் மெமரி போன்றவற்றைப் பழைய பூட் ஃபர்ம்வேர் அடையாளம் காணாமல் போவதும் உண்டு.

இரண்டாவது, பிழைத்திருத்தம். ரீபூட் ஆகும்போது பாதியில் நின்றுபோவது, ஃபிளாஷ் கார்டைப் படிக்க முடியாமல் தடுமாறுவது போன்ற கோளாறுகளுக்கு மருந்து சில நேரம் பூட் ஃபர்ம்வேரில்தான் இருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதுதான் இப்போது மிக முக்கியமானது. பூட் ஃபர்ம்வேரில் ஓட்டை இருந்தால், மேலே எவ்வளவு பூட்டுப் போட்டாலும் பயனில்லை. ஷட்டர் சாவி வைத்திருப்பவரே திருடனோடு சேர்ந்துகொண்டால் உள்ளே பீரோவைப் பூட்டி என்ன பயன்?

மேனேஜ்மென்ட் மென்பொருள் எதற்கு?

ஒரே ஒரு ரவுட்டர் என்றால் இன்ஜினீயர் ஒருவர் லேப்டாப்பை கன்சோல் கேபிளில் மாட்டி, நாலு கட்டளை அடித்து முடித்துவிடுவார். ஆனால் ஒரு வங்கிக்கு நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கும். ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாடிக்கு மாடி சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பினால் வேலை எப்போது முடியும்?

அதற்காகத்தான் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் மென்பொருள்கள் வந்தன. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சென்டர், ஹெச்பிஇயின் இன்டெலிஜென்ட் மேனேஜ்மென்ட் சென்டர், சோலார்விண்ட்ஸின் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஆகியவை இந்த ரகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவும் இதே வகை மென்பொருளை விற்கிறது.

வீட்டு ரவுட்டர்களுக்கும் இதுபோல ஓர் ஏற்பாடு உண்டு. இணைய சேவை நிறுவனங்கள் 'டிஆர்-069' என்ற நெறிமுறை வழியாக வாடிக்கையாளர் வீட்டு மோடத்தோடு பேசுகின்றன. செட்டிங் மாற்றுவது, புதிய ஃபர்ம்வேர் அனுப்புவது எல்லாம் அங்கிருந்தே நடக்கும். 'நேத்து நைட் மோடம் தானாவே ரீஸ்டார்ட் ஆச்சே' என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் இப்படியொரு அப்டேட் இருந்திருக்கலாம்.

படிப்படியாக என்ன நடக்கிறது?

மென்பொருள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. கணக்கெடுப்பு: நெட்வொர்க்கில் எத்தனை கருவிகள், எந்த மாடல், எந்தப் பதிப்பு இயங்குதளம், எந்தப் பதிப்பு பூட் ஃபர்ம்வேர் என்று மென்பொருள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இதற்கு எஸ்என்எம்பி, எஸ்எஸ்ஹெச் போன்ற நெறிமுறைகள் பயன்படுகின்றன.

2. பொருத்தம் பார்ப்பது: இந்த மாடலுக்கு இந்தக் கோப்பு பொருந்துமா, போதுமான இடமும் மெமரியும் இருக்கிறதா என்று சரிபார்க்கும். பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறிய மாடலுக்கும் வேறு கோப்பு தேவைப்படலாம். தவறான பூட் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் கருவி எழுந்திருக்காது.

3. பேக்கப்: கான்ஃபிகரேஷன் முழுவதையும் நகலெடுத்து சர்வரில் வைக்கும்.

4. கோப்பைச் சோதிப்பது: தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்திருக்கும் 'ஹேஷ்' மதிப்பும், டவுன்லோடு செய்த கோப்பின் ஹேஷ் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிட் மாறியிருந்தால்கூட இந்த மதிப்பு மொத்தமாக வேறாகிவிடும்.

5. முன்கூட்டியே அனுப்புவது: பகலிலேயே கோப்பை ஒவ்வொரு கருவியின் ஃபிளாஷுக்கும் நகலெடுத்து வைத்துவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் சேவைக்குப் பாதிப்பில்லை. எஸ்சிபி போன்ற மறையாக்கம் செய்யப்பட்ட வழியில் அனுப்புவது நல்லது. பழைய டிஎஃப்டிபி முறையில் பாஸ்வேர்டும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது.

6. நிறுவுவது: யாரும் வேலை செய்யாத நேரம் பார்த்து கட்டளை கொடுப்பார்கள். பழைய பூட் ஃபர்ம்வேர் அழிக்கப்பட்டு புதியது எழுதப்படும்.

7. ரீபூட்டும் சோதனையும்: கருவி மறுபடி எழுந்ததும் புதிய பதிப்பு எண்ணைக் காட்டுகிறதா, எல்லா இணைப்புகளும் திரும்ப வந்துவிட்டனவா என்று மென்பொருள் சரிபார்த்து அறிக்கை தரும்.

எல்லா நிறுவனங்களும் பூட் ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்றச் சொல்வதில்லை. உதாரணமாக, சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9000 வரிசை சுவிட்ச்களில், புதிய இயங்குதளம் முதன்முறை பூட் ஆகும்போது தேவைப்பட்டால் பூட்லோடரும் தானாகவே மேம்படுத்தப்படும். அந்த நேரத்தில் ரீபூட் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். இது தெரியாதவர்தான் 'என்ன ஹேங் ஆயிடுச்சா?' என்று பயந்து பவர் பட்டனை ஆஃப் செய்துவிடுவார். சிக்கலே அங்கேதான்.

பாதியில் கரன்ட் போனால் என்ன ஆகும்?

ஃபிளாஷ் மெமரிக்கு ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே எழுதியிருப்பதன் மேல் அப்படியே எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும், பிறகுதான் புதிதாக எழுத முடியும். பழையது அழிந்து, புதியது முழுமையாக எழுதப்படாத அந்தச் சில நொடிகளில் மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது ஓடுவதற்கு அங்கே எந்தப் புரோகிராமும் இருக்காது.

இயங்குதளம் கெட்டுப்போனால் பூட் ஃபர்ம்வேரை வைத்து மீட்டுவிடலாம். பூட் ஃபர்ம்வேரே கெட்டுப்போனால் மீட்பதற்கு யாரும் இல்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் மொழியில் சொன்னால் 'போர்டு டெட்'. சிப்பைத் தனிக் கருவியில் மாட்டி மறுபடி எழுத வேண்டும், அல்லது கருவியையே மாற்ற வேண்டும்.

இந்த ஆபத்தைக் குறைக்க பல தயாரிப்பாளர்கள் இரண்டு நகல்கள் வைக்கிறார்கள். சிஸ்கோவின் பல ரவுட்டர்களில் ரோம்மானுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையில் எழுதப்பட்ட, மாற்ற முடியாத நகல். மற்றொன்று, அப்டேட் செய்யக்கூடிய நகல். புதிய நகல் சரியாக ஓடவில்லை என்றால் பழைய நகலைக் கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் விலை குறைந்த வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை.

ஃபர்ம்வேர் நாசமானால் இழப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2023 அக்டோபர் 25 முதல் 27 வரையிலான 72 மணி நேரத்தில், ஒரே இணைய சேவை நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் செயலிழந்தன. லூமன் நிறுவனத்தின் பிளாக் லோட்டஸ் லேப்ஸ் ஆய்வாளர்கள் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், தீங்கு நிரல் தாக்கிய அந்த ரவுட்டர்கள் நிரந்தரமாக முடங்கியதாகவும், அவற்றை மாற்ற வேண்டியிருந்ததாகவும் கூறினர். ரிமோட்டில் சரிசெய்ய வழியே இல்லை. வீடு வீடாகப் புதிய ரவுட்டர் போக வேண்டியிருந்தது.

கோப்பு உண்மையானதுதானா என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

நிலப் பத்திரத்தில் சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது போல, கருவியும் ஒரு முத்திரையைத் தேடும். அதுதான் டிஜிட்டல் கையெழுத்து. தயாரிப்பாளர் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் ஃபர்ம்வேர் கோப்பில் கையெழுத்திடுவார். அதைச் சரிபார்ப்பதற்கான பொதுச் சாவி கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். கோப்பில் யாராவது கைவைத்திருந்தால் கையெழுத்து பொருந்தாது.

இதை ஒரு சங்கிலியாகச் செய்வதுதான் 'செக்யூர் பூட்'. மாற்ற முடியாத ஹார்டுவேர் பகுதி, பூட் ஃபர்ம்வேரைச் சோதிக்கும். பூட் ஃபர்ம்வேர், இயங்குதளத்தைச் சோதிக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். சங்கிலியின் முதல் கண்ணி உறுதியாக இருந்தால்தான் மற்றவை உறுதி.

சரி, அந்த முதல் கண்ணியே உடைந்தால்? 2019 மே மாதம் அது நடந்தது. ரெட் பலூன் செக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சிஸ்கோ கருவிகளின் செக்யூர் பூட்டுக்கு அடித்தளமாக இருந்த சிப்பின் நிரலை மாற்ற முடியும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதிப்புக்கு அவர்கள் வைத்த பெயரே விசித்திரமானது. மூன்று பூனை முக இமோஜிகள்! அதை வாயால் சொல்வதற்காக 'த்ராங்ரிகேட்' என்று அழைத்தார்கள்.

பெயர் வேடிக்கையாக இருந்தாலும் மருந்து கசப்பாக இருந்தது. பெரும்பாலான கருவிகளில் அந்தச் சிப்பைக் கருவி இருக்கும் இடத்துக்கே போய் மறுபடி புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும் என்று சிஸ்கோ கூறியது. அதில் தவறு நேர்ந்தால் கருவியே பயனற்றுப் போகலாம், மாற்ற வேண்டிவரலாம் என்றும் எச்சரித்தது. அப்டேட் செய்யாவிட்டால் ஹேக்கர் ஆபத்து. அப்டேட் செய்யும்போது தவறினால் கருவி போய்விடும். நெட்வொர்க் நிர்வாகிகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

ஹேக்கர்கள் ஏன் பூட் ஃபர்ம்வேரைத் தேடிப் போகிறார்கள்?

ஒரே காரணம்தான்: அங்கே உட்கார்ந்துவிட்டால் விரட்டுவது கடினம். இயங்குதளத்தில் புகுந்த தீங்கு நிரலை, இயங்குதளத்தை மறுபடி ஏற்றி அழித்துவிடலாம். பூட் ஃபர்ம்வேரில் புகுந்தது, ரீபூட் செய்தாலும் இருக்கும், இயங்குதளத்தை மாற்றினாலும் இருக்கும்.

2015 ஆகஸ்ட் மாதம் சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சில இடங்களில் தாக்குதல்காரர்கள் உண்மையான ரோம்மானை எடுத்துவிட்டு, தீங்கான ரோம்மானை ஏற்றியிருக்கிறார்கள் என்றது அந்த எச்சரிக்கை. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எந்த மென்பொருள் ஓட்டையையும் பயன்படுத்தவில்லை என்பதுதான். நிர்வாகியின் சரியான யூசர்நேம், பாஸ்வேர்டோடு உள்ளே வந்து, அப்டேட் செய்வதற்கென்றே இருக்கும் வழக்கமான வசதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அடுத்த மாதமே மாண்டியன்ட் நிறுவனம் இன்னொரு தகவலை வெளியிட்டது. 'சின்ஃபுல் நாக்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தாக்குதலில் ரவுட்டரின் இயங்குதளக் கோப்பே மாற்றப்பட்டிருந்தது. 4 நாடுகளில் 14 ரவுட்டர்களில் இது கண்டுபிடிக்கப்பட்டதாக அந்த நிறுவனம் தெரிவித்தது. உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் இருந்த நான்காவது நாடு இந்தியா.

பத்து ஆண்டுகள் கழித்தும் கதை முடியவில்லை. 2025 செப்டம்பர் 25ஆம் தேதி, அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வால்களைத் தாக்கியவர்கள், ரீபூட்டுக்கும் மென்பொருள் அப்டேட்டுக்கும் தப்பிப் பிழைக்கும் விதமாக ரோம்மானையே மாற்றியிருந்தார்கள். இப்படி மாற்றப்பட்டவை, செக்யூர் பூட் வசதி இல்லாத பழைய ஏஎஸ்ஏ 5500-எக்ஸ் வரிசைக் கருவிகள். அவற்றில் சில மாடல்களுக்கு அதே செப்டம்பர் 30ஆம் தேதியோடு தயாரிப்பாளரின் ஆதரவு முடிவுக்கு வர இருந்தது.

'நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?' என்று பழைய கருவியை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பாடம். நெட்வொர்க் நன்றாக ஓடுகிறது என்பதற்காக, உள்ளே வேறு யாரும் இல்லை என்று அர்த்தமில்லை.

மேனேஜ்மென்ட் வசதியே ஆயுதமானால்?

ஒரே இடத்திலிருந்து ஆயிரம் கருவிகளைச் சரிசெய்ய முடியும் என்றால், அதே இடத்திலிருந்து ஆயிரம் கருவிகளைக் கெடுக்கவும் முடியும். இது தர்க்கம் மட்டுமல்ல, நடந்த கதை.

சிஸ்கோ சுவிட்ச்களில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வசதி இருந்தது. புதிய சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் போதும், இயங்குதளமும் கான்ஃபிகரேஷனும் தானாக வந்து சேரும். வேலையைச் சுலபமாக்க, அதில் அடையாளச் சோதனை எதுவும் வைக்கப்படவில்லை. வேலை முடிந்த பிறகும் பல இடங்களில் அதை யாரும் அணைக்கவில்லை. 2018 ஏப்ரல் மாதம், இந்த வசதி இணையத்தில் திறந்து கிடந்த சுவிட்ச்களை ஹேக்கர்கள் குறிவைத்தார்கள். கான்ஃபிகரேஷன் அழிக்கப்பட்டு, அமெரிக்கக் கொடியின் படம் திரையில் தோன்றியது. உலகம் முழுவதும் சுமார் 2 லட்சம் சுவிட்ச்கள் பாதிக்கப்பட்டதாகவும், அதில் 3,500 தங்கள் நாட்டில் இருந்ததாகவும் ஈரானின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தெரிவித்தது.

வீட்டு ரவுட்டர்களுக்கான டிஆர்-069 நெறிமுறைக்குப் பயன்படும் 7547 என்ற போர்ட்டும் தப்பவில்லை. 2016 நவம்பர் இறுதியில் 'மிராய்' என்ற தீங்கு நிரலின் ஒரு வகை இந்த போர்ட் வழியாகப் பரவ முயன்றபோது, ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் இணைப்பை இழந்தன. அந்த ரவுட்டர்களுக்குள் நுழையும் முயற்சி வெற்றி பெறவில்லை. ஆனால் அந்த முயற்சியைத் தாங்க முடியாமலேயே அவை முடங்கின.

தொடக்கத்தில் பார்த்த வியாசாட் சம்பவமும் இதே ரகம்தான். தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு விபிஎன் கருவி வழியாகத் தாக்குதல்காரர்கள் உள்ளே வந்தார்கள். அங்கிருந்து மேனேஜ்மென்ட் பகுதிக்கு நகர்ந்தார்கள். மோடம்கள் நிரந்தரமாகப் பழுதாகவில்லை என்று வியாசாட் விளக்கமளித்தது. ஆனாலும் வாடிக்கையாளர்களை விரைவாக மீண்டும் இணைக்க கிட்டத்தட்ட 30,000 மாற்று மோடம்களை விநியோகஸ்தர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்தத் தாக்குதலுக்கு ரஷ்யாவே காரணம் என்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் 2022 மே மாதம் குற்றம்சாட்டின.

அப்போ, அப்டேட் செய்யாமலே விட்டுவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன சம்பவங்களில் பொதுவாகத் தெரிவது ஒன்று உண்டு. தாக்குதல்காரர்களுக்கு வழி கொடுத்தவை பழைய கருவிகள், திறந்து கிடந்த போர்ட்டுகள், கசிந்த பாஸ்வேர்டுகள், சரியாக அமைக்கப்படாத மேனேஜ்மென்ட் நெட்வொர்க்குகள். அப்டேட் செய்வதை நிறுத்துவது இவற்றில் எதையும் சரிசெய்யாது. அப்டேட்டை ஒழுங்காகச் செய்வதுதான் தீர்வு.

நிறுவனங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

* ஒரே இரவில் எல்லாக் கருவிகளையும் அப்டேட் செய்யக் கூடாது. முதலில் ஆய்வகத்தில் ஒன்று, பிறகு முக்கியத்துவம் குறைந்த இடத்தில் இரண்டு மூன்று, சில நாள் பொறுத்துப் பார்த்து மீதியைத் தொகுதி தொகுதியாகச் செய்வது நல்லது.

* ஜோடியாக இருக்கும் கருவிகளில் இரண்டையும் சேர்த்து அப்டேட் செய்யவே கூடாது. ஒன்று முழுமையாக எழுந்து நின்ற பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

* யுபிஎஸ் பேட்டரி உண்மையில் தாங்குமா என்று முன்பே சோதிக்க வேண்டும். மாற்றுக் கருவி ஒன்றும், கன்சோல் கேபிளோடு ஓர் ஆளும் தயாராக இருக்க வேண்டும். தொலைதூரக் கிளைகளில் இதுதான் பெரும்பாலும் மறந்துபோகிறது.

* மேனேஜ்மென்ட் சர்வரைத் தனி நெட்வொர்க்கில் வைக்க வேண்டும். அது இணையத்திலிருந்து நேரடியாகத் தெரியக் கூடாது. உள்ளே நுழைய இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அந்த சர்வரின் சாவி, மொத்த நெட்வொர்க்கின் சாவி.

* எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகளில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மறையாக்கம் உள்ள மூன்றாம் பதிப்புக்கு மாறுவதே சரி.

* பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே படித்து வைக்க வேண்டும். இயங்குதளத்தைப் பழையதற்கு மாற்றினாலும் பூட் ஃபர்ம்வேர் சில கருவிகளில் புதியதாகவே இருக்கும். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதிலும் ஆபத்து உண்டு. 'பிளாக்டெக்' என்ற ஹேக்கர் குழு, கையெழுத்துள்ள பழைய ஃபர்ம்வேரை ஏற்றி, அதன் பலவீனத்தைப் பயன்படுத்தியதாக அமெரிக்க, ஜப்பானிய அமைப்புகள் 2023 செப்டம்பரில் எச்சரித்தன.

* தாக்குதல் நடந்ததாகத் தெரிந்தால் மறைக்கக் கூடாது. இந்தியாவில் இத்தகைய சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2022ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டது.

உங்கள் வீட்டு ரவுட்டருக்கு என்ன செய்யலாம்?

வீட்டில் இருப்பவர்கள் பூட் ஃபர்ம்வேரைத் தனியாக அப்டேட் செய்யத் தேவை வராது. தயாரிப்பாளர் கொடுக்கும் ஃபர்ம்வேர் அப்டேட்டை ஏற்றுக்கொண்டாலே போதும். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

அப்டேட் ஓடும்போது லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பதறி சுவிட்சை அணைக்காதீர்கள். சில நிமிடங்கள் பொறுங்கள். அடிக்கடி கரன்ட் போகும் நேரத்திலும், மழை இடி நேரத்திலும் அப்டேட்டைத் தொடங்க வேண்டாம். வைஃபையில் செய்வதைவிட கேபிள் மாட்டிச் செய்வது பாதுகாப்பானது. கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மாடல் எண்ணோடு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள ஹார்டுவேர் பதிப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று ஹார்டுவேர் பதிப்புகள் வருவது சகஜம்.

அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். இணைய சேவை நிறுவனம் கொடுத்த மோடம் என்றால், அப்டேட் வருகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர் என்றால், அது நன்றாக ஓடினாலும் மாற்றுவதே நல்லது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அதில் அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

ஃபோனில் அப்டேட் வந்தால் கவனிக்கிறோம். அந்த ஃபோனுக்கு இணையம் கொடுக்கும் பெட்டி அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது. வங்கிக் கிளையாக இருந்தாலும் மருத்துவமனையாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், எல்லாத் தகவலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்குபவர் யார், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வது நல்லது.